அறுபத்தேழாம் சிறுகோள்: நுங்கம்பாக்கத்து வானம், 1861



வானியல் வரலாற்றிலிருந்து ஒரு பொருளை எடுத்துப் பேசுங்கள் என்று இந்தத் துறையினர் கேட்டுக்கொண்டார்கள். கருந்துளை, பெருவெடிப்பு என்று எதிர்பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் ஏமாறக்கூடும். நான் பேசப்போவது ஒரு கல்லைப் பற்றி. சென்னைக் கடற்கரை நிலையத்தில் மின்ரயில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்கினால் எவ்வளவு தூரமோ, அந்தக் கல்லின் குறுக்களவும் ஏறத்தாழ அவ்வளவுதான். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள சிறுகோள் பட்டையில் அது சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எண் 67. பெயர் ஆசியா. 1861 ஏப்ரல் 17 அன்று நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தில் நார்மன் ராபர்ட் போக்சன் அதைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது.

இந்தச் செய்தியைச் சென்னையின் பெருமைகளில் ஒன்றாகச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் நடந்ததில் பாதி விட்டுப்போகும். ஒரு சிறுகோளைக் கண்ணால் பார்ப்பது கண்டுபிடிப்பில் மிகச் சிறிய பங்கு. பார்த்ததைத் தொலைக்காமல் பிடித்துவைப்பதுதான் பெரும்பங்கு. வானத்தில் ஒரு பொருளைப் பிடித்துவைக்க ஒரே வழி அதன் பாதையைக் கணக்கிடுவது. பாதை தெரிந்தால்தான் அது கோள். தெரியாவிட்டால் யாரோ ஓர் இரவில் பார்த்த ஒரு புள்ளி. ஆசியாவின் கதையை அந்தக் கண்ணோடு பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

முதல் சிறுகோளே தொலைந்துபோன சிறுகோள்தான். 1801 ஜனவரி 1 இரவு, சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் ஜுசெப்பே பியாட்சி என்ற துறவி விண்மீன் பட்டியல் ஒன்றுக்காக ரிஷப ராசிப் பகுதியை அளந்துகொண்டிருந்தார். அங்கே இருந்த ஒரு விண்மீன் மறுநாள் சற்று நகர்ந்திருந்தது. அதற்கடுத்த நாளும் நகர்ந்தது. பிப்ரவரி 11 வரை அதைப் பின்தொடர்ந்தார். பிறகு உடல்நலம் குன்றிவிட்டது. அவர் அளவுகள் மற்றவர்கள் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பொருள் சூரிய ஒளிக்குள் போய் மறைந்துவிட்டது. மறுபடி வெளியே வரும்போது அதை எங்கே தேடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. நாற்பது நாள் அளவுகளை வைத்துக்கொண்டு முழுப் பாதையையும் சொல்ல அன்று வழி இல்லை. அந்த வழியைக் கண்டவர் இருபத்து நான்கு வயதுக் கார்ல் ஃபிரீட்ரிக் காஸ். அவர் சொன்ன இடத்துக்கு அருகிலேயே அந்த ஆண்டின் கடைசி நாளில் வானியலாளர் ஃபான் சாஹ் அதைக் கண்டார். மறுநாள் இரவு ஓல்பர்ஸ் கண்டார். அதுதான் சீரிஸ். பியாட்சி கண்டுபிடித்தார் என்று எழுதுகிறோம், எழுதலாம். ஆனால் காஸ் இல்லாவிட்டால் பியாட்சியின் சீரிஸ் இல்லை.

அடுத்த ஆறு ஆண்டுகளில் பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா என்று மூன்று அகப்பட்டன. பிறகு 38 ஆண்டுகள் ஒன்றும் இல்லை. 1845-ல் ஐந்தாவதைக் கண்டவர் ஹென்கே. பிரஷ்ய நாட்டின் டிரீசன் என்ற சிற்றூரில் அஞ்சல் அதிகாரியாக வேலை பார்த்தவர். பதினைந்து ஆண்டுகள் தேடினார் என்கிறார்கள். அவருக்குப் பிறகு வேகம் கூடியது. 1861-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதங்களில் ஏழு சிறுகோள்கள். நேப்பிள்ஸில் ஒன்று, மார்செய்யில் இரண்டு, அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் ஒன்று. ஜெர்மனியில் லூத்தரும் இத்தாலியில் ஸ்கியாபரெல்லியும் ஆளுக்கொன்று கண்டார்கள். பின்னாளில் செவ்வாயின் கோடுகளால் உலகப்புகழ் பெற்ற அதே ஸ்கியாபரெல்லிதான். ஏழில் மீதமுள்ள ஒன்று சென்னையுடையது.

வேகம் ஏன் கூடியது? தொலைநோக்கி பெரிதாகிவிட்டதாலா என்று மாணவர்கள் கேட்பார்கள். ஓரளவுக்கு. உண்மையான காரணம் வரைபடம். சிறுகோளை எந்தத் தொலைநோக்கியில் வைத்துப் பார்த்தாலும் அன்று அது ஒரு விண்மீனைப் போலத்தான் தெரிந்தது. வட்டமாகவும் தெரியாது, தனி நிறமும் காட்டாது. எதிர்நிலையில் இருக்கும்போது, அதாவது பூமிக்கு ஒரு பக்கம் சூரியனும் மறுபக்கம் அதுவுமாக நிற்கும்போது, ஒரு நாளில் முழுநிலவின் அகலத்தில் ஏறக்குறைய பாதி தூரம் நகரும். அந்த நகர்வு ஒன்றுதான் அதைக் காட்டிக்கொடுக்கும். நகர்வைக் காண வேண்டுமானால், நேற்று அங்கே என்ன இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆகவே தேடுகிறவர் முதலில் செய்ய வேண்டியது, சூரியப் பாதையை ஒட்டிய வானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் மங்கலான விண்மீன்கள் வரை எல்லாவற்றையும் புள்ளிவைத்து வரைவது. பெர்லின் அகாதெமி அப்படிப்பட்ட வரைபடங்களை வெளியிட்டது. ஐரோப்பாவில் பலரும் தனியாக வரைந்தார்கள். வரைந்து முடித்த துண்டை மறுபடி மறுபடி வானத்தோடு ஒப்பிடுவார்கள். தாளில் இல்லாத புள்ளி வானத்தில் இருந்தால் நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கும். பத்தில் ஒன்பது முறை அது வரையும்போது விட்டுப்போன விண்மீனாகவோ, ஒளி கூடிக் குறையும் மாறுவிண்மீனாகவோ, முன்பே அறிந்த சிறுகோளாகவோ இருக்கும்.

போக்சன் இந்த வேலைக்கென்றே பிறந்தவர் என்று சொல்லத் தோன்றுகிறது. 1829-ல் நாட்டிங்ஹாமில் பிறந்தார். இருபது வயதை ஒட்டி லண்டனில் ஜான் ரஸ்ஸல் ஹைண்டிடம் தொழில் கற்றார். ஹைண்டும் சிறுகோள் வேட்டைக்காரர்தான். 1852-ல் ஆக்ஸ்ஃபோர்டின் ராட்கிளிஃப் வானாய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே 1856 மே மாதம் 42-ஆவது சிறுகோளைக் கண்டார். அடுத்த ஆண்டில் 43, 46. அவர் மனம் மாறுவிண்மீன்களிலும் சமமாக ஊன்றியிருந்தது. இரண்டு வேலைக்கும் தேவை ஒன்றே: மங்கலான புள்ளிகளின் ஒளியைத் துல்லியமாக மதிப்பிடும் கண்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இயற்பியல் மாணவர்களுக்கு வியப்பாக இருக்கும். விண்மீன்களின் ஒளியை அளக்க நாம் பயன்படுத்தும் பொலிவெண் அளவுகோல், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 2.512 மடங்கு, ஐந்து படிகளுக்குச் சரியாக 100 மடங்கு என்பது, போக்சன் வகுத்தது. பாடநூல்கள் இதை விண்மீன்களைப் பற்றிய பாடத்தில் வைத்திருக்கின்றன. ஆனால் 1856-ல் போக்சன் இந்த விகிதத்தை முன்வைத்த கட்டுரை சிறுகோள்களைப் பற்றியது. 36 சிறுகோள்கள் அடுத்த ஆண்டின் ஒவ்வொரு மாத முதல்நாளிலும் எவ்வளவு ஒளியோடு தெரியும் என்று முன்கூட்டிச் சொல்லும் பட்டியல் அது. சிறுகோள் சூரியனிடமிருந்தும் நம்மிடமிருந்தும் விலக விலக மங்கும். எவ்வளவு மங்கும் என்று கணக்கிட ஓர் உறுதியான விகிதம் வேண்டும். ஏன்? மறுபடி தேடும்போது எந்தப் புள்ளியைத் தேடுகிறோம் என்று தெரிய வேண்டும். தொலைத்துவிடக் கூடாது என்ற கவலையில் பிறந்த அளவுகோலைத்தான் இன்று உலகம் முழுவதும் எல்லா விண்மீன்களுக்கும் பயன்படுத்துகிறது.

1860-ல் அவரைச் சென்னையின் அரசு வானியலாளராக நியமித்தார்கள். 1861 பிப்ரவரியில் பொறுப்பேற்றார். சென்னை வானாய்வகம் அப்போது பழைய நிறுவனம். 1786-ல் வில்லியம் பெட்ரி என்ற கும்பினி அதிகாரி தம் வீட்டில் தொடங்கியது, 1792-ல் நுங்கம்பாக்கத்தில் மைக்கேல் டாப்பிங் கட்டிய கட்டடத்துக்கு வந்தது. 1844-ல் வானியலாளர் டெய்லர் அங்கிருந்து வெளியிட்ட பதினோராயிரம் விண்மீன்களின் பட்டியலை ஐரோப்பா மதித்தது. பட்டணத்துக்கு நேரம் சொல்வதும் அந்த ஆய்வகத்தின் வேலை. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முந்திய சென்னை நேரத்தைத்தான் பிற்பாடு இந்திய ரயில்கள் நெடுங்காலம் பின்பற்றின. ஆக, போக்சன் வந்தது தேடுவதற்காக வைத்திருந்த இடத்துக்கு அல்ல. அளப்பதற்காகவும் நேரம் காப்பதற்காகவும் வைத்திருந்த இடத்துக்கு. வந்த இரண்டே மாதங்களில் சிறுகோள் ஒன்றைப் பிடித்தார் என்றால், பழக்கம் அவரை விடவில்லை என்றுதான் பொருள்.

ஏப்ரல் நடுப்பகுதி சென்னையில் இதற்கு வாய்ப்பான காலம். வெயில் கொளுத்தினாலும் இரவு வானம் தெளிவாக இருக்கும், பருவமழை தொலைவில். பதின்மூன்று பாகை அட்சரேகையில் சூரியப் பாதை தலைக்கு மேலேயே செல்லும். ஆக்ஸ்ஃபோர்டில் அடிவானத்துப் பனியில் மங்கும் பகுதிகள்கூட இங்கே நல்ல உயரத்தில் நிற்கும்.

கண்டாகிவிட்டது. இனிமேல்தான் நான் சொன்ன பெரும்பங்கு. ஒரு பாதையை நிர்ணயிக்கக் குறைந்தது மூன்று அளவுகள் வேண்டும், மூன்றுக்கும் இடையே போதிய இடைவெளி வேண்டும். ஓர் அளவு திசையை மட்டும் சொல்லும், தூரத்தைச் சொல்லாது. மூன்று திசைகளையும், அந்த நேரங்களில் பூமி இருந்த இடங்களையும், கெப்ளர் விதிகளையும் சேர்த்தால்தான் நீள்வட்டம் அகப்படும். காலக்கணக்கு தவறினால் எல்லாம் தவறும். நேரம் காக்கும் ஆய்வகத்தில் அது கண்டுபிடிக்கப்பட்டது நல்லதாயிற்று. அளவுகள் பிற வானியலாளர்களுக்கும் போய்ச் சேர வேண்டும், அவர்களும் பார்க்க வேண்டும். 1861-ல் சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்குத் தந்தி கிடையாது. சூயஸ் கால்வாய் கிடையாது. கடிதம் கப்பலில் சூயஸ் வரை போய், அங்கே ரயிலேறி, அலெக்சாந்திரியாவில் மறுபடி கப்பலேறிப் போகும். செய்தி போய்ச் சேர்வதற்குள் புள்ளி பல பாகை நகர்ந்திருக்கும். ஐரோப்பாவில் ஒருவர் கண்டுபிடித்தால் அந்த வாரமே பக்கத்து நாட்டில் உறுதிசெய்துவிடலாம். சென்னைக்காரருக்கு அந்த வசதி இல்லை. தம் அளவுகளைத் தாமே நம்பியிருக்க வேண்டும்.

மூன்றாவது அளவு கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் போக்சன் வாழ்விலேயே சான்று உண்டு. 1872 நவம்பர் 27 இரவு ஐரோப்பா விண்கல் மழையில் நனைந்தது. உடைந்து காணாமல்போன பியேலா வால்வெள்ளியின் எச்சம்தான் பூமியை உரசிச் செல்கிறது என்று கெட்டிங்கனில் இருந்த கிளிங்கர்ஃபியூஸ் கருதினார். அப்படியானால் அது தெற்கு வானத்துக்குப் போயிருக்க வேண்டும், ஐரோப்பாவில் தெரியாது. அதற்குள் தந்தி வந்துவிட்டிருந்தது. சென்டாரஸ் தொகுதியில் ஒரு விண்மீனின் அருகே தேடும்படி சென்னைக்குத் தந்தி அடித்தார். போக்சன் தேடினார், டிசம்பர் முதல் வாரத்தில் உண்மையாகவே ஒரு வால்வெள்ளியைக் கண்டார். அடுத்த விடியலிலும் கண்டார். பிறகு மேகம் மூடிக்கொண்டது. இரண்டே அளவுகள். அது பியேலா அல்ல என்று பின்னாளில் காட்டினார்கள். அது எது என்று இன்றுவரை சொல்ல முடியவில்லை. பாதை கணக்கிட முடியாத வால்வெள்ளிகளுக்குப் பட்டியலில் எக்ஸ் என்ற எழுத்தை முன்னால் போடுவது வழக்கம். போக்சன் கண்டது அந்த எழுத்தோடுதான் நிற்கிறது. அதே மனிதர், அதே ஆய்வகம், அதே கண்கள். ஒன்றுக்கு எண்ணும் பெயரும் உண்டு, மற்றொன்றுக்கு எக்ஸ்.

ஆசியாவின் பாதை இன்று மிகத் துல்லியமாகத் தெரியும். சூரியனிடமிருந்து அதன் சராசரித் தூரம் 2.42 வானியல் அலகு, ஏறத்தாழ 36 கோடி கிலோமீட்டர். பாதை நல்ல வட்டம் இல்லை, மையப்பிறழ்ச்சி 0.185 அளவு. அதனால் நெருங்கி வரும்போது 1.97 அலகுக்கு வரும், விலகும்போது 2.87 வரை போகும். பூமியின் பாதைத் தளத்துக்கு ஆறு பாகை சாய்ந்திருக்கிறது. ஒரு சுற்றுக்கு 3.77 ஆண்டு. போக்சன் பார்த்த நாளிலிருந்து நாற்பது சுற்றுகளுக்கு மேல் முடித்துவிட்டது. கல் இனத்தைச் சேர்ந்தது. தன்னைத்தானே சுற்ற ஏறத்தாழ பதினாறு மணி நேரம் எடுக்கிறது.

எண்களை அடுக்கிவிட்டேன். ஆனால் 2.42 என்ற எண்ணில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2.5 அலகுத் தூரத்தில் ஒரு சிறுகோள் இருந்தால், வியாழன் ஒரு சுற்று சுற்றும் நேரத்தில் அது சரியாக மூன்று சுற்று சுற்றும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வியாழனின் இழுப்பு படும். சிறு இழுப்புதான், ஆனால் திரும்பத் திரும்ப ஒரே போக்கில் படுவதால் பாதை மேலும் மேலும் நீண்டுபோய், அந்தப் பொருள் செவ்வாயையோ பூமியையோ நோக்கித் தள்ளப்படும். அந்தத் தூரத்தில் சிறுகோள்களே அரிதாக இருப்பதை 1866-ல் அமெரிக்கரான டேனியல் கிர்க்வுட் எடுத்துக்காட்டினார். அப்போது தெரிந்த சிறுகோள்கள் தொண்ணூறை ஒட்டியவை மட்டுமே. அந்தச் சிறிய பட்டியலில் எங்கே கூட்டம், எங்கே வெற்றிடம் என்று பார்த்தார். பாதை கணக்கிட்ட ஒவ்வொரு சிறுகோளும் அந்த வாதத்துக்கு ஒரு சாட்சி. ஆசியா அந்த வெற்றிடத்தின் உட்கரைக்கு அருகே நிற்கிறது. போக்சன் சென்னையிலிருந்து 1866-லும் 1868-லும் கண்ட சில்வியாவும் கமில்லாவும் ஏறத்தாழ மூன்றரை அலகில், 3.3 அலகை ஒட்டிய இன்னொரு பெரிய வெற்றிடத்துக்கு வெளியே நிற்கின்றன. வெற்றிடத்துக்கு உள்ளே போன கற்கள் ஏன் வெளியேற்றப்படுகின்றன என்பதை 1980-களில்தான் ஜாக் விஸ்டம் கணினிகொண்டு காட்டினார். பூமியில் விழும் விண்கற்களில் கணிசமானவை அந்த வழியாக வந்தவை.

வியாழனுக்கு மட்டும் இல்லை, செவ்வாய்க்கும் ஆசியாவின் பாதையில் ஒரு பங்கு உண்டு. செவ்வாய் சூரியனைச் சுற்ற 687 நாள். ஆசியாவுக்கு ஏறத்தாழ 1375 நாள். செவ்வாய் இரண்டு சுற்று முடிக்கும்போது ஆசியா ஒன்றை முடிக்கிறது. செவ்வாய் சிறிய கோள், அதன் இழுப்பும் சிறிது. ஆனாலும் இந்த ஒத்திசைவை இன்றைய வானியலாளர்கள் ஆராய்கிறார்கள். 1861-ல் இது யாருக்கும் ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

இனிப் பெயருக்கு வருவோம். பெயர் வைப்பதில் மனிதர்களுக்கு உள்ள ஆர்வம் கணக்கில் இருப்பதில்லை. கிரேக்கப் புராணத்தில் ஆசியா என்று ஒரு தேவதை உண்டு. டைட்டன் குலத்தோடு சேர்ந்தவள். தேவதைப் பெயர் வேண்டும் என்ற அன்றைய மரபும் நிறைவேறியது; இந்தக் கண்டத்தில் கண்ட முதல் சிறுகோள் என்ற செய்தியும் பெயரிலேயே ஏறிவிட்டது. கெட்டிக்காரத்தனமான தேர்வு.  

ஆக்ஸ்ஃபோர்டில் போக்சன் கண்ட முதல் சிறுகோளுக்கு ஐசிஸ் என்று பெயர். எகிப்தியத் தேவதை. அந்தப் பெயரைத் தேர்ந்தவர் ஆய்வகத் தலைவர் மானுவல் ஜான்சன். போக்சனின் மகளான எலிசபெத் ஐசிஸுக்கு ஒரு மரியாதையாக. அந்தப் பெண் தந்தையோடு சென்னை வந்து, 1873-லிருந்து ஆய்வகத்தில் உதவியாளராக வேலை பார்த்தார்; பிறகு 1881 முதல் சென்னை அரசின் வானிலைக் கண்காணிப்பாளராகவும் இருந்தார். 1886-ல் அவரை ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினராக்கத் தந்தை முன்மொழிந்தார். சங்கத்தின் 1831-ஆம் ஆண்டுச் சாசனத்தில் உறுப்பினரை ஆண்பாலில் மட்டுமே குறித்திருக்கிறது, ஆகவே பெண்ணைச் சேர்ப்பது சட்டப்படி செல்லாது என்று வழக்கறிஞர்கள் கருத்துச் சொல்ல, முன்மொழிவு கைவிடப்பட்டது. 1920-ல்தான் அவர் உறுப்பினரானார். வானத்தில் இடம் கொடுத்தவர்களுக்குச் சங்கத்தில் ஒரு நாற்காலி கொடுக்க அறுபத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

சில்வியாவின் பெயர் ரோம் நகரத் தொன்மக் கதையில் வரும் ரீயா சில்வியாவுடையது. ஒரு காலத்தில் பெயர் அகராதிகளில் வேறு பெண்மணி ஒருவரின் பெயராகத் தவறாகப் பதிந்துபோனது. போக்சன் காலத்து அறிவிப்பைப் புரட்டிப் பார்த்துத்தான் திருத்தினார்கள். 2001-ல் ஹவாயின் கெக் தொலைநோக்கியால் சில்வியாவுக்கு ஒரு துணைக்கோள் இருப்பதைக் கண்டார்கள்; 2004-ல் சிலி நாட்டுத் தொலைநோக்கியில் எடுத்த படங்களில் இன்னொன்று. இரண்டு துணைக்கோள்கள் உடைய முதல் சிறுகோள் அதுதான். சில்வியாவின் இரட்டைப் பிள்ளைகளின் பெயர்கள் ஆயத்தமாக இருந்தன: ரோமுலஸ், ரீமஸ். ஒன்று 87 மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாக, மற்றொன்று 33 மணி நேரத்தில் தாயைச் சுற்றுகின்றன. அந்தச் சுற்றுக் காலங்களிலிருந்து தாயின் எடையைக் கணக்கிட்டார்கள். அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். உள்ளே நிறைய வெற்றிடம். ஒரு முழுப் பாறை இல்லை அது, உடைந்து மறுபடி சேர்ந்த கற்குவியல். இதையும் ஒரு பாதைதான் சொல்லிக்கொடுத்தது.

பெயர் வைக்கும் நடைமுறை இன்று கடுமையானது. புதிய பொருளைக் கண்டவுடன் ஆண்டு, அரைமாதத்தைக் குறிக்கும் எழுத்து, அந்த அரைமாதத்துக்குள் எத்தனையாவது என்பதைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் கொண்ட தற்காலிகக் குறியீடு மட்டும் கிடைக்கும். பல எதிர்நிலைகளில் பார்த்துப் பாதை உறுதியானால்தான் எண். எண் கிடைத்தால்தான் பெயர். கண்டுபிடித்தவருக்குப் பெயர் முன்மொழியப் பத்து ஆண்டு உரிமை. பெயர் பதினாறு எழுத்துக்குள் அடங்க வேண்டும். அரசியல், படைத்துறையால் புகழ்பெற்றவர்கள் இறந்து நூறாண்டு ஆகியிருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை நான் மனமார வரவேற்கிறேன். நம் தெருப்பெயர்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும். எண் பெற்றவை இன்று ஏழு லட்சத்தைத் தாண்டிவிட்டன. பெயர் உள்ளவை அதில் சிறு பகுதியே.

பாதைக்குத்தான் முதலிடம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே இன்னொரு சான்று. போக்சன் சென்னையில் கண்ட கடைசிச் சிறுகோள் 245 வேரா; 1885. அதற்குப் பிறகு நூறாண்டு கழித்து, ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தில் ஆர். ராஜமோகன் ஷ்மிட் தொலைநோக்கியால் சிறுகோள் தேடும் பணியில் இறங்கினார். 1988 ஜனவரி 26 அன்று ஒன்றைக் கண்டார். பிப்ரவரி 17 அன்று இன்னொன்றைக் கண்டார். பிற்பாடு கண்டதற்குப் பாதை முதலில் உறுதியாயிற்று; அது 4130 ராமானுஜன் ஆயிற்று. முதலில் கண்டதற்கு 8348 என்ற எண்தான் கிடைத்தது. இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த பட்டாச்சார்யாவின் பெயரைப் பெற்றது. அதே 1988-ல் ஜப்பானில் கென்சோ சுசுகி கண்ட 4538-க்கு எண் கிடைத்தும் பெயர் கிடைக்கவில்லை. 2015-ல் சிறுகோள் மையத்தைச் சேர்ந்த, சதுரங்கத்திலும் ஆர்வம் உள்ள ஒருவர் முன்மொழிய, அதற்கு விஸ்வநாதன் ஆனந்தின் பெயரை வைத்தார்கள்.

போக்சன் சென்னையில் முப்பது ஆண்டு இருந்தார். மொத்தம் எட்டுச் சிறுகோள்கள்; ஐந்து சென்னையில். அவர் மீது குறையும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. விண்மீன்களின் இடங்களை அளந்து பட்டியல் வெளியிடுவதுதான் அரசு அவரிடம் எதிர்பார்த்த வேலை. 1862-லிருந்து அளந்தார், ஆனால் முதல் தொகுதி அச்சேறியது 1887-ல். மீதித் தொகுதிகளை அவர் இறந்த பிறகு பொறுப்பேற்ற மிக்கி ஸ்மித் முடித்தார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் கொண்ட அந்தப் பட்டியல் காலம் கடந்து வந்தது. ஆளும் போதவில்லை, பணமும் போதவில்லை என்பது உண்மை. அவர் மனம் புதியவற்றைத் தேடுவதிலேயே இருந்தது என்பதும் உண்மை. பட்டியலுக்காக அவரைக் குறைசொன்னவர்கள் நியாயமானவர்களே. ஆனாலும் பட்டியலைவிடச் சிறுகோள்கள்தான் நிலைத்தன என்பது என் கருத்து.

அளந்தவர்களில் இந்திய உதவியாளர்கள் இருந்தார்கள். அவர்களில் முதல்வர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல் ரெட்டிகுலம் தொகுதியில் ஒரு மாறுவிண்மீனைக் கண்டவர். 1868 முழுச் சூரிய கிரகணத்தின்போது போக்சன் மசூலிப்பட்டணத்துக்குப் போக, வனபர்த்திக்குச் சென்று பார்த்தவர் இவர். 1872-ல் ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினரான முதல் இந்தியர். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்து சென்றபோது பொதுமக்களுக்காக விளக்க நூல் எழுதினார். போக்சனைப் பற்றி எழுதுகிறவர்கள் இவருக்கு ஒரு வரி ஒதுக்குகிறார்கள். இவருக்குத் தனி நூல் வேண்டும், தமிழில் வேண்டும்.

1891 ஜூனில் போக்சன் சென்னையில் இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஹைடல்பெர்க்கில் மாக்ஸ் வோல்ஃப் ஒளிப்படத் தகட்டின் மூலம் முதல் சிறுகோளைக் கண்டுபிடித்தார். கண்ணால் தேடிய காலம் அத்தோடு முடிந்தது என்றே சொல்லலாம். 1899-ல் ஆய்வகம் கொடைக்கானலுக்குப் போயிற்று. நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. அதன் வளாகத்தில், 1792-ல் கருவியைத் தாங்கிய பதினைந்து அடிக் கருங்கல் தூண் நிற்கிறது. தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிக் கல்வெட்டோடு.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். ஆசியா ஏறத்தாழ பதினாறு மாதத்துக்கு ஒரு முறை எதிர்நிலைக்கு வருகிறது. அப்போது அதன் பொலிவெண் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையே இருக்கும். பட்டணத்து விளக்கை விட்டு விலகிப் போனால் எட்டு அங்குலத் தொலைநோக்கியில் தெரியும். பல கல்லூரி வானியல் மன்றங்களிடம் அவ்வளவு பெரிய கருவி இருக்கிறது. பெரும்பாலும் சனியின் வளையத்தைக் காட்டவே பயன்படுகிறது. அடுத்த எதிர்நிலைக்கு முன்பே அந்த வானத் துண்டை நீங்களே தாளில் வரையுங்கள். செயலியைப் பார்க்காமல், தாளில் இல்லாத புள்ளியைத் தேடுங்கள். அகப்பட்டால் ஒரு வார இடைவெளியில் மூன்று இரவுகள் இடத்தையும் நேரத்தையும் குறியுங்கள். பிறகு உட்கார்ந்து பாதையைக் கணக்கிடுங்கள். காஸின் முறை நூலகத்தில் இருக்கிறது. உங்களுக்கு 2.42-க்குப் பக்கத்தில் ஒரு விடை வந்தால், அந்தத் தாளை இந்தத் துறைக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடையில் அதைப் பற்றி நீங்கள் பேசலாம்.